பழக்கமா, வழக்கமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது "பழக்கவழக்கங்கள்" என்ற சொல் வந்தது. கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தினாள். "சேர், பழக்கமும் வழக்கமும் ஒண்டுதானே? பிறகு ஏன் ரெண்டு தரம் சொல்றது?"

மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. "அது இணைமொழி மகள், அக்கம்பக்கம் மாதிரி" என்று சொல்லிச் சமாளித்துவிட்டோம். பிள்ளை இருந்துவிட்டாள். ஆனால் அந்த முகம் ஒத்துக்கொள்ளவில்லை. படிப்பிக்கிற எங்களுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

வேறு நாளாக இருந்தால் அதை மறந்திருப்போம். அந்தக் கிழமை எங்கள் வீட்டிலும் ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் வாக்குவாதம் நடந்திருந்தது. அதனால் இரவு இருந்து தேடினோம்.

பழக்கம் என்ற சொல் "பழகு" என்பதிலிருந்து வருகிறது. பழைய, பழமை, பழஞ்சோறு எல்லாம் பக்கத்து வீட்டுச் சொற்கள். ஒன்றோடு நாட்பட இருந்து இருந்து, அது எங்களுக்குப் பழசாகிப் போவதுதான் பழகுவது. எங்கள் உம்மும்மா புதுச் சட்டி வாங்கினால் உடனே கறி வைக்க விடமாட்டா. "சட்டியைப் பழக்கணும்" என்பா. மூன்று நாள் கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைப்பா. பிறகு தேங்காய்ப்பூவைப் போட்டு வறுத்துக் கொட்டுவா. அதற்குப் பிறகுதான் மீன். மண்ணுக்குள் எண்ணெயும் கஞ்சியும் ஊறி, சட்டியின் குணமே மாறிவிடும். "ஊறிப்போன பழக்கம்" என்கிறோமே, அது வெறும் பேச்சுக்கு இல்லை. ஊறினதைத் தேய்த்துக் கழுவி எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமென்றால் சட்டியைத்தான் உடைக்க வேணும்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று பழமொழி. எங்கள் வீட்டில் சுடுகாட்டை எடுத்துவிட்டு "கபுறு மட்டும்" என்பார்கள். சின்ன வயதில் அதுதான் உண்மையான பழமொழி என்றும், பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிழையாக அச்சடித்திருக்கிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வழக்கம் வேறு தாயின் பிள்ளை. அது "வழங்கு" என்ற வினையோடு சேர்ந்தது. வழங்குதல் என்றால் இன்று எங்களுக்குக் கொடுப்பதுதான் நினைவுக்கு வரும், நிவாரணம் வழங்கினார்கள் என்கிற மாதிரி. பழைய தமிழில் அதற்கு நடமாடுதல், போய்வருதல் என்றும் பொருள் இருந்தது. காட்டில் மிருகம் உலாவுவதையும், தெருவில் சனம் போய்வருவதையும் அந்தச் சொல்லால் சொன்னார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் பார்த்தால், வழக்கு என்ற சொல்லுக்குக் கீழேயும் இந்தப் போய்வருதல் பொருள் இருக்கிறது. பலபேர் நடந்து நடந்து புல் செத்து விழுந்த ஒற்றையடிப் பாதையை யோசித்துப் பாருங்கள். அதுதான் வழக்கம்.

அப்போ ஒரு ஆளுக்குள் ஊறினது பழக்கம், பலபேருக்கு நடுவில் நடமாடுகிறது வழக்கம். இதைக் கோடு போட்டுப் பிரிக்க ஏலாது என்பதும் தெரியும். "நான் வழக்கமாக ஏழு மணிக்கு எழும்புவேன்" என்று தனி ஆளும் சொல்லுவார். ஆனால் வெற்றிலை போடுவதை அவருடைய பழக்கம் என்போம். கலியாண வீட்டில் வெற்றிலைத் தட்டு வைப்பதைப் பழக்கம் என்று யாரும் சொல்லமாட்டோம், அது ஊர் வழக்கம்.

இலங்கையில் நாங்கள் இன்னொரு சொல்லையும் வைத்திருக்கிறோம், வழமை. தமிழ்நாட்டுக்காரர் "வழக்கம்போல்" என்பதை நாங்கள் "வழமைபோல" என்கிறோம். இந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் சட்டத்தின் பலமும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் ஆளுநர் சைமன்ஸ் கேட்டதன் பேரில் யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர், இந்தப் பகுதித் தமிழரின் சீதனம், முதுசொம், காணி, ஈடு பற்றிய நடைமுறைகளை எல்லாம் 1707இல் எழுதித் தொகுத்தார். அதைத் தமிழில் பெயர்த்து, பன்னிரண்டு முதலிமாருக்குக் கொடுத்துச் சரிபார்த்தார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றார்கள். தேசவழமை என்பது அதுதான். அந்தக் காலத்தில் மன்னாரும் யாழ்ப்பாணப் பட்டினத்து நிர்வாகத்துக்குள்தான் இருந்தது. காணியை வெளியாளுக்கு விற்க முதல் பங்காளிக்குச் சொல்ல வேணும் என்ற மாதிரி விஷயங்களை யாரும் ஒரு நாளில் கூடி இருந்து சட்டமாகப் போடவில்லை. சனம் அப்படி நடந்துகொண்டிருந்தது. பிறகு வந்த ஒருத்தர் அதை எழுதிவைத்தார். நடந்த பாதைக்குப் பிறகு தார் போட்ட மாதிரி.

முஸ்லிம்களான எங்களிடம் மூன்றாவது சொல் ஒன்றும் இருக்கிறது. மத்ரஸாவில் ஓதியவர்களுக்குத் தெரியும், ஆதத். அறபு. இது ஹிந்தி, உருதுக்கும் போய் அங்கே பழக்கம் என்ற பொருளில் இருக்கிறது. மலாய்க்காரரிடம் போய் "அதத்" ஆகி, அங்கே ஊர்ச் சட்டத்தையே குறிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. பிக்ஹில் ஐந்து பெரிய அடிப்படை விதிகள் என்று சொல்வார்களே, அதில் ஒன்று இந்த ஆதத்தைப் பற்றியது. மார்க்கத்துக்கு மாற்றமில்லாத ஊர் நடைமுறை, தீர்ப்புச் சொல்லும்போது கணக்கில் எடுக்கப்படும் என்பது அதன் கருத்து. எங்கள் ஷாஃபி மத்ஹபின் இமாம் சுயூத்தி இந்த விதிகளை விரித்து எழுதியிருக்கிறார். பின்னால் துருக்கி உஸ்மானியர் தொகுத்த மஜல்லா சட்டத்திலும் இது 36ஆவது விதியாக வருகிறது.

அதைவிட எங்களைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சொல்லின் வேர். ஐன், வாவ், தால். பொருள், திரும்பி வருதல். போனது மறுபடி வருவதால் அது ஆதத். வருஷா வருஷம் திரும்பி வருகிற ஈதுக்கும் இதே வேர்தான். பெருநாளும் பழக்கமும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் என்பது இத்தனை வருஷம் ஈத் முபாரக் சொல்லியும் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

தமிழ் ஊறினதைச் சொல்கிறது, நடமாடுவதைச் சொல்கிறது. அறபு திரும்பி வருவதைச் சொல்கிறது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறோம்.

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி இருக்கிறது. அதில் ஒரு பை தொங்கும். முதலில் அது ஒரு சொப்பிங் பேக். கிழிய, வேறொன்று. இப்போது இருப்பது சிப் வைத்த நீலப் பை. உள்ளே எல்லாருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், உம்மாவின் நிக்காஹ் பதிவு, வாப்பாவின் மரணச் சான்றிதழ், காணி உறுதி, எங்கள் பரீட்சைச் சான்றிதழ்கள், கொஞ்சக் காசு, ஒரு பனடோல் அட்டை. உம்மா இரவில் கதவைப் பூட்டிவிட்டு, கையை வைத்து அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பா.

நாங்கள் பிறந்தது 1990க்குப் பிறகு, புத்தளத்தில், கற்பிட்டி வீதியோரம் கிடுகுக் கொட்டிலில். ஆனால் ராத்தா பிறந்தது மன்னார்த் தீவில். 1990 ஒக்டோபர் கடைசியில் என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எத்தனை பை கொண்டுபோகலாம், எவ்வளவு காசு கொண்டுபோகலாம் என்பதற்கும் அளவு வைத்தார்கள். ராத்தாவுக்கு அப்போது இரண்டு வயது. உம்மா என்ன எடுப்பது என்று தெரியாமல் கைக்கு வந்ததை எடுத்திருக்கிறா. கடற்கரையில் பையைத் திறந்து பார்த்தால் பிள்ளையின் சட்டை மூன்று, குர்ஆன், ஒரு தேங்காய்த் திருவலை. காணி உறுதி அலுமாரிக்குள்ளேயே. திருவலையை ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது என்பா. வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து, அந்தத் திருவலையில்தான் முகாமில் நாலைந்து வீட்டுக்குத் தேங்காய் துருவினது. வாப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

உறுதியை விட்டுவிட்டு வந்ததற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது அந்தக் காணி எங்களுடையது என்று காட்டுவதற்கு எத்தனை படி ஏறி இறங்கினோம். ஒரு கடதாசிக்குப் பிரதி எடுக்க இன்னொரு கடதாசி கேட்டார்கள். அந்த இன்னொரு கடதாசியும் அதே அலுமாரிக்குள்தான் இருந்தது. அலுமாரியும் இல்லை, வீடும் இல்லை. முற்றத்து வேம்பு மட்டும் நின்றது. வாப்பா அந்த அலைச்சல் முடிய முதலே மௌத்தாகிவிட்டார்.

அட்டாளைச்சேனை கலாசாலையில் உளவியல் படித்தபோது தோண்டைக்கின் பயிற்சி விதியைச் சொல்லித் தந்தார்கள். ஒன்றை எத்தனை தரம் செய்கிறோமோ அவ்வளவுக்கு அது உறுதிப்படும். பழக்கம் என்பது திரும்பத் திரும்பச் செய்து வருவது. பரீட்சைக்கும் அப்படித்தான் எழுதினோம், நல்ல புள்ளியும் வந்தது. ஆனால் உம்மாவுக்கு இந்தப் பழக்கம் திரும்பத் திரும்பச் செய்து வரவில்லை. ஒரு தரம் செய்யத் தவறியதால் வந்தது. அதைப் பாடப் புத்தகத்தில் எந்த விதிக்குக் கீழ் போடுவது?

இன்னொன்றும் இருக்கிறது. தெருவில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டால் உம்மா எழும்பி வாசலுக்கு வந்துவிடுவா. மீன்காரர் கத்திக்கொண்டு போனாலும், தேர்தல் வாகனம் வந்தாலும், நாளைக்குத் தண்ணீர் வராது என்று அறிவித்துப் போனாலும் அப்படித்தான். செய்கிற வேலையைப் போட்டுவிட்டு, கதவுக்குப் பக்கத்தில், அந்த ஆணிக்குப் பக்கத்தில் நின்று முழுவதும் கேட்பா. வாகனம் தெருமுனை திரும்பின பிறகுதான் உள்ளே போவா. பாண் ஓட்டோ வந்தால் மட்டும் ஒன்றும் இல்லை. அது இசையை மட்டும்தானே போடும். ஜெர்மன்காரர் பீத்தோவன் இருநூறு வருஷத்துக்கு முன் பியானோவுக்கு எழுதியது, இலங்கையில் பாண் விற்கிறது. மனிசக் குரல்தான் உம்மாவை எழுப்பும்.

புத்தளத்தில் படிக்கிற காலத்தில் எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தால் வாளி, குடம், கேத்தல், கோப்பை எல்லாம் நிரப்பி வைப்போம். கடையில் சீனி வந்தது என்று கேட்டால் ஓடுவோம். எங்களுக்குப் படிப்பித்த ஒருத்தர் ஒருநாள் வகுப்பில் வைத்தே, "இது அகதிப் பழக்கம்" என்று சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். அப்போது பத்து வயது. வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொல்லவில்லை.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். தெருவில் ஏதோ அறிவித்துக்கொண்டு ஒரு ஓட்டோ போனது. உம்மா குசினியிலிருந்து கையில் மாவோடு வந்து கதவருகில் நின்றா. விருந்தாளிகளில் ஒருவர், "என்ன சாச்சி, லொத்தர் விழுந்திருக்கா?" என்று பகிடியாகக் கேட்டார். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அதை விடுங்கோ, உம்மாட அகதிப் பழக்கம்" என்று சொல்லிவிட்டோம்.

வாயிலிருந்து அந்தச் சொல் வந்த பிறகுதான் அது யாருடைய சொல் என்று தெரிந்தது. இருபத்திச் சொச்சம் வருஷம் எங்களுக்குள் ஊறிக் கிடந்து, சரியான இடம் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனா. அடுத்த நாள் காலையில் ஆணியில் பை இல்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டோம். "அலுமாரிக்குள்ள வெச்சிட்டன் மகன். அதுதானே நல்லம்." முகத்தில் கோபம் இல்லை. ஆனால் இரவு மூன்று மணிக்கு உம்மா எழும்பி நடக்கிற சத்தம் கேட்டது. அலுமாரி திறக்கிற சத்தம். மறுபடி மூடுகிற சத்தம். அடுத்த இரவும் அப்படித்தான். மூன்றாம் நாள் தலையணைக்குக் கீழே நீலப் பையின் வார் நீட்டிக்கொண்டிருந்தது. நாங்களே எடுத்து வந்து ஆணியில் மாட்டினோம். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. உம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தா. "சிப்பை இழுத்து மூடி விடுங்க, கரப்பான் போகும்" என்றா. அதோடு சரி.

இந்த வாக்குவாதத்தைத்தான் மேலே சொன்னோம். வாக்குவாதம் என்று சொல்ல முடியாது, ஒரு பக்கம்தான் பேசியது.

பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் தேடி முடித்த மறுநாள், சனிக்கிழமை. எங்கள் மகளுக்கு ஆறு வயது. முற்றத்து வேம்புக்குக் கீழே, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். நாலு கல்லை வைத்துச் சுவர், சிரட்டையில் மண்சோறு, பொம்மைக்கு ஓலைத் துண்டில் பாய். வாசல் என்று ஒரு குச்சி நட்டிருந்தாள். அந்தக் குச்சியில் ஒரு சின்னச் சொப்பிங் பேக் தொங்கியது.

"இது என்ன மகள்?"

"பேக்."

"ஏன் வாசல்ல தொங்குது?"

எங்களை ஒரு மாதிரிப் பார்த்தாள். "வாசல்லதானே வாப்பா பேக் இருக்கும்."

பக்கத்து வீட்டுப் பிள்ளை, அவர்கள் தமிழ்க் குடும்பம், "எங்கட வீட்டில இல்லையே" என்றது. மகள் அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஏதோ குறை என்று நினைத்த மாதிரி ஒரு முகம்.

மகளுக்கு 1990 தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. ஒலிபெருக்கிக்கும் அவள் பயமில்லை. மீன்காரர் வந்தால் முதலில் ஓடுவது அவள்தான். ஆனால் வீடு என்றால் கல், அடுப்பு, பாய், வாசலில் பை. உம்மாவின் பழக்கம் எங்களைக் கடந்து அங்கே போய், அவளிடம் வழக்கமாகிவிட்டது. கடைசி வாங்குப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று இரவு முழுவதும் அகராதியில் தேடியது, குச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சொல்லித் தருவதா விடுவதா என்று அங்கேயே நின்று யோசித்தோம். சொன்னால் வெறும் பையாக இருப்பதற்குள் பயம் வந்து ஏறிவிடும். சொல்லாவிட்டால், ஒருநாள் வேறு யாராவது பகிடி பண்ணும்போது அவளும் எங்களைப்போலச் சேர்ந்து சிரிப்பாள். இன்னும் முடிவெடுக்கவில்லை. உங்களில் பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள் எந்த வயதில், எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.

அஸர் தொழுதுவிட்டு உம்மா முற்றத்துக்கு வந்தா. கல் வீட்டுக்கு முன்னால் குந்தி இருந்து, அந்தப் பையை எடுத்துத் திறந்து பார்த்தா. உள்ளே வேப்பிலை, ஒரு பொத்தான், உடைந்த சீப்பு.

"உறுதி எங்க?"

"உறுதி எண்டா என்ன வாப்பும்மா?"

"இது எங்கட காணி எண்டு எழுதின கடதாசி."

மகள் உள்ளே ஓடிப் போய்க் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். என்ன எழுதுவது என்று கேட்டாள். உன்ட பேரை எழுது, கூட்டாளிட பேரையும் எழுது என்று உம்மா சொன்னா. இரண்டு பெயரையும் எழுதி, கீழே ஒரு வீடு கீறி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். உம்மா வாயை முடிச்சுப் போட்டுக் குச்சியில் மாட்டிவிட்டா.

இன்றைக்கும் அது அங்கேதான் தொங்குகிறது. மேற்கே கொஞ்சம் இருட்டிக்கொண்டு வருகிறது. மழை வர முதல் எடுத்து உள்ளே வைக்க வேணும்.